இரண்டு பேர் நைட் டூட்டி

பள்ளிபாளையத்தில் சூப்பர்வைசர் என்றால் விசைத்தறிக் கொட்டகையில் தறிக்குத் தறி நடப்பவர். எந்தத் தறி நின்றிருக்கிறது, ஷிப்ட் முடிவில் எத்தனை மீட்டர் என்பது அவர் கணக்கு. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையில் அவர் மூட்டை எண்ணுவார். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை அட்டை எண்ணுவார். சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஆள் வேலை செய்கிறாரா, சரக்கு வருகிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் மேற்பார்வை.

அதே சொல் அதே பொருளோடு மனநல இல்லங்களுக்குள்ளும் போய்விட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா, மாத்திரை டப்பா காலியா, மதியம் எத்தனை தட்டு, சிசிடிவி ஓடுகிறதா? எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். ஆனாலும் அப்படி ஓர் இல்லத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள்.

மனநோய் வந்தவர்கள் தங்கியிருக்கும் இடத்தில் ஊழியர்களை மேற்பார்வையிடுவது தறிக்கொட்டகை மேற்பார்வையிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது என்பதே இந்தக் கட்டுரை. மருத்துவமனை வார்டு, மறுவாழ்வு இல்லம், ஆதரவற்றோர் காப்பகம், குடிப்பழக்கத்துக்கான மையம் எல்லாமே இதில் அடங்கும். மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சட்டம் வைத்திருக்கிறது. பல மைய உரிமையாளர்களுக்கு இது மறந்துவிடுகிறது.

முதலில் ஆட்கள் யார் என்று பார்ப்போம். சிறிய இல்லம் ஒன்றில் மனநல மருத்துவர் வாரத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவார். சோஷியல் வொர்க்கர் பகலில் இருப்பார். மற்ற நேரம் முழுவதும் ஆயா, அட்டெண்டர், வார்டன், சமையல்காரம்மா, வாட்ச்மேன் கையில். நோயாளியோடு அதிக நேரம் கழிப்பவர்களுக்குத்தான் பயிற்சியும் குறைவு, சம்பளமும் குறைவு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த இல்லத்தின் மருத்துவம் என்பது அவர்களுடைய பொறுமைதான்.

ராசிபுரம் சாலையில் ஓர் இல்லம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நான் கட்டிய இல்லம் அது, தேடிப் போகவேண்டாம். முப்பது பெண்கள். நைட் டூட்டிக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. உள்ளே ஐம்பது வயதுப் பெண் ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து வந்து, "எங்கண்ணன் எப்பங்க வருவாரு?" என்று கேட்கிறார். டூட்டி அக்காவும், "காத்தால வருவாருங்க, போய்ப் படுங்க" என்கிறார். பதினைந்து தடவை வரை அதே மரியாதை. இருபதாவது தடவை குரல் ஏறுகிறது. நாற்பதாவது தடவை அந்தப் பெண்ணை மூலை அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறார். காலையில் ரிப்போர்ட் நோட்டில் ஒரே வரி: "இரவு அமைதி."

எண்ணிப் பார்க்கும் சூப்பர்வைசர் கேமராவில் தாழ்ப்பாளைக் கண்டுபிடிப்பார். மெமோ, அரை நாள் சம்பளம் பிடித்தம். அந்த அக்கா அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வார், கேமரா எந்த மூலைக்கு எட்டாது என்பதை. அல்லது, தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிவைத்த தூக்க மாத்திரை இருக்கிறதே, அது கொஞ்சம் அடிக்கடி தேவைப்பட ஆரம்பிக்கும். தாழ்ப்பாள் போடப்படாது. நோட்டில் "இரவு அமைதி" தொடரும்.

இந்த மாத்திரை விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் டாம் மெயின் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். லண்டன் அருகே காசல் மருத்துவமனையில் இருந்தவர். நர்ஸ்களோடு உட்கார்ந்து, எந்த நேரத்தில் நோயாளிக்குத் தூக்க மருந்து கொடுக்கிறீர்கள் என்று பேச ஆரம்பித்தார். முதலில் எல்லோரும் மருத்துவக் காரணம்தான் சொன்னார்கள். பேசப் பேச வேறொன்று வெளியே வந்தது. நோயாளியின் நிலை எப்படியிருந்தாலும், நர்ஸ் தன்னால் இனித் தாங்கமுடியாது என்ற கட்டத்தைத் தொடும்போதுதான் மருந்து கொடுக்கப்பட்டது. விழுங்கியவர் நோயாளி, அமைதி தேவைப்பட்டவர் நர்ஸ். 1957இல் மெயின் இதை எழுதினார். தண்டனைக்குப் பயந்தால் எந்த நர்ஸும் அதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டார். இது அவமானம் இல்லை என்று தெரிந்த ஒரு கூட்டத்தில்தான் அது வாயில் வந்தது. ஊழியர் குழு மேற்பார்வையின் விதை எனக்குத் தெரிந்து இங்கே இருக்கிறது.

அதே காலத்தில் லண்டனின் பெரிய பொது மருத்துவமனை ஒன்று இசபெல் மென்ஸீஸ் என்பவரைக் கூப்பிட்டது. பயிற்சி நர்ஸ்களை வார்டு வேலைக்குப் பங்கிடுவதில் இருந்த சிக்கலைப் பார்க்கச் சொன்னார்கள். அந்த நர்ஸ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் விட்டுப் போய்க்கொண்டிருந்தார். அவர் கண்டது இது. வலி, மரணம், அருவருப்பு இவற்றுக்கு மிக அருகில் நின்று வேலை செய்பவர்களுக்குள் ஒரு பயம் ஊறுகிறது. அதை யாரும் பேசுவதில்லை. பதிலுக்கு வேலை முறையே அந்தப் பயத்திலிருந்து தப்பிக்கும் வேலியாக மாறிவிடுகிறது. ஒரு நர்ஸ் ஒரு நோயாளியை முழுதாகப் பார்க்கமாட்டார், முப்பது பேருக்கும் ஒரே ஒரு வேலையைச் செய்வார். நோயாளிக்குப் பெயர் போய்க் கட்டில் நம்பர் வரும். சின்ன முடிவையும் மேலே தள்ளிவிடுவார்கள். பத்தாம் நம்பர் கல்லீரல் என்றார்கள் லண்டனில். நம் ஊரில் "அந்த ஃபிட்ஸ் கேஸ்", "கத்துற கேஸ்" என்கிறோம். வேலி போட்டும் பயம் தீரவில்லை, அக்கறையோடு வேலைக்கு வந்தவர்களே விட்டுப் போனார்கள்.

மூன்றாவதாக ஒன்று. இதுதான் இல்லங்களில் தினமும் நடப்பது. அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மனநல மருத்துவமனையில் மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்டான்டனும் சமூகவியலாளர் மாரிஸ் ஷ்வார்ட்ஸும் வார்டில் உட்கார்ந்து கவனித்து 1954இல் ஒரு நூல் எழுதினார்கள். (இந்த ஷ்வார்ட்ஸ்தான் பல வருடங்களுக்குப் பிறகு, மரணப் படுக்கையில் செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் சொன்ன பேராசிரியர் மாரி என்று உலகப் புகழ் பெற்றவர்.) ஒரு நோயாளி திடீரென்று கொந்தளிக்கிறார் என்றால், அவரைப் பற்றி ஊழியர்களில் இரண்டு பேருக்குள் வெளியே சொல்லாத சண்டை ஒன்று பல நேரம் இருப்பதைக் கண்டார்கள். அந்த இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியபோது, கொந்தளிப்பும் பலருக்கு அடங்கியது.

நம் ஊர் ஆண்கள் இல்லம் ஒன்றுக்கு வருவோம். காலை ஷிப்ட் அண்ணன் கேட்டால் பீடி கொடுப்பார். மாலை ஷிப்ட்டில் வருபவர் கொடுக்கமாட்டார். "காலையில இருக்கறவரு தங்கமான மனுசன், நீதான் எமன்" என்று நோயாளி கத்துகிறார். மாலை ஆள், காலை ஆள் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று சமையல்கட்டில் சொல்கிறார். காலை ஆள், இவனுக்கு இரக்கமே இல்லை என்று வாட்ச்மேனிடம் சொல்கிறார். இருவரும் ஹேண்டோவரில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூன்றாம் நாள் ஜன்னல் கண்ணாடி உடைகிறது. மருத்துவர் வந்து மருந்தின் அளவைக் கூட்டிவிட்டுப் போகிறார். மருந்து தேவைப்பட்டிருக்கலாம். பீடி விஷயம் மட்டும் பேசப்படாமலே கிடக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நம் ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, உள்ளே இருந்தவர்கள் அரசுப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்கள். அந்தச் சங்கிலிகளைக் கொடூரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் பாதிதான் புரியும். ராத்திரி கண்விழிக்கப் போதுமான ஆள் வைக்காத இடத்தில் அந்த ஆட்களின் வேலையைச் சங்கிலி பார்க்கிறது. சம்பளம் கேட்காது, தூங்காது, காய்ச்சல் என்று லீவு போடாது.

2017இல் நிறைவேறி 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது 95ஆம் பிரிவு. 97ஆம் பிரிவு அதைவிட நுட்பமானது. தனி அறையில் அடைத்துவைக்கவே கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் போகாமல் உடலைக் கட்டுப்படுத்தலாம். நோயாளி தன் சார்பாக நியமித்தவருக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போகவேண்டும். மாதாமாதம் கணக்கு, மறுஆய்வு வாரியத்துக்குப் போகவேண்டும். தண்டனையாகக் கட்டக்கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கட்டக்கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஒவ்வோர் இல்லத்திலும் அலுவலக அறைச் சுவரில் எழுதிவைக்கலாம். நிர்வாகி உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே.

நான் கட்டிய ராசிபுரம் சாலை இல்லத்தில் அந்தத் தாழ்ப்பாள் சட்டமீறல். அந்த அக்காவின் மீறலா, ஒருவர் வராத இரவில் மாற்று ஆள் அனுப்பாத நிர்வாகத்தின் மீறலா? இரண்டும்தான். மேற்பார்வை என்பது இரண்டாவதையும் கேட்கிற ஏற்பாடு.

நம் பக்கத்திலும் இன்னொரு பழைய அனுபவம் இருக்கிறது. காவிரிக் கரையில், முசிறியைத் தாண்டித் திருச்சிக்குப் போகும் வழியில் குணசீலம் கோயில். மனநிலை சரியில்லாதவர்களை அங்கே 48 நாள் தங்கவைப்பது தலைமுறைகளாக நடப்பது. நாமக்கல் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். இதே போலத் திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அங்கே அவர்களுக்கு மருந்து தரப்படவில்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள், நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20% குறைந்தது. மருந்தை நிறுத்திக் கோயிலுக்குப் போங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். அங்கே தங்கியவர்களோடு வீட்டார் ஒருவரும் தங்கினார். மிரட்டாத ஓர் இடம் இருந்தது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் வீட்டாரையும் நோயாளியோடு தங்கவைக்கிறது, அங்கே மருந்தும் உண்டு. சுற்றியிருக்கும் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் சிகிச்சையில் ஒரு பங்கு. வீட்டார் இல்லாத இல்லத்தில் அந்தப் பங்கு முழுவதும் டூட்டி அக்காவின் தோளில் ஏறுகிறது.

சரி, குழு மேற்பார்வை என்றால் நடைமுறையில் என்ன? வாரம் ஒரு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே இடம். ஆயாவிலிருந்து சிஸ்டர் வரை எல்லோரும் வட்டமாக உட்காருகிறார்கள். சமையல்காரம்மாவையும் வாட்ச்மேனையும் விட்டுவிடக்கூடாது. நோயாளிகள் மனசில் இருப்பதை முதலில் கொட்டுவது பெரும்பாலும் அவர்களிடம்தான். நடத்துபவர் வெளியாளாக இருந்தால் நல்லது, அனுபவமுள்ள மனநலச் சோஷியல் வொர்க்கரோ உளவியலாளரோ. சம்பள உயர்வு போடுபவர் நடத்தினால் யாரும் உண்மை பேசமாட்டார்கள், அது அவர்கள் குற்றமில்லை.

ஒரு கூட்டத்துக்கு ஒரு நோயாளி போதும். அவரைப் பற்றிய மருத்துவ விவரம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிறகு கேள்வி ஊழியர்களைப் பற்றியது. அவர் கிட்டே வரும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எரிச்சலா, பயமா, பாவமா? யாருக்கு எந்த நேரத்தில்? நாற்பதாவது தடவை கேள்வி கேட்ட பெண்ணைப் பற்றிப் பேசும்போது அந்த அக்கா, "எனக்கு அடிக்கக் கை வந்துருச்சுங்க" என்று சொன்னால், கூட்டம் நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொருவர், "எனக்கும்தாங்க, ஆனா நான் சீலை மடிக்கக் கூட்டிட்டுப் போயிருவேன், மடிக்கறப்ப அண்ணனப் பத்திக் கேக்கமாட்டாங்க" என்பார். இப்படி ஒரு வழி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. (விருப்பமில்லாமல் வேலை வாங்கக்கூடாது என்று 20ஆம் பிரிவு சொல்வதையும் நடத்துபவர் இங்கே ஞாபகப்படுத்தவேண்டும். அந்தப் பெண்ணுக்கு மடிக்கப் பிடித்தால்தான்.)

நம் ஊர்க் கூட்டத்துக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. "சார் சொன்னா சரிங்க" என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். கொங்குப் பக்கத்து மரியாதைப் பேச்சு அழகானதுதான், ஆனால் அந்த "ங்க"வுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம். அதனால் மூத்தவர்களைக் கடைசியில் பேசவைக்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆயாவை முதலில் கேட்கவேண்டும். டாக்டர் வந்தால் முதல் அரைமணி நேரம் வாய் திறக்காமல் உட்காருவது நல்லது. படித்தவர்களுக்கு அது மருந்து எழுதுவதைவிடக் கடினம்.

சாதியும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். படுக்கையில் மலம் கழித்துவிட்ட நோயாளியைக் கழுவும் வேலை ஏன் எப்போதும் ஒரே ஆளுக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆள் நோயாளியிடம் முரட்டுத்தனமாக நடந்தால் மட்டும் அது "குணம்" என்று எழுதப்படுகிறது. டூட்டிப் பட்டியலை வட்டத்தின் நடுவில் விரித்துவைத்து ஒரு தடவை பேசினால் போதும், பல முரட்டுக் குணங்களுக்குக் காரணம் தெரிந்துவிடும்.

ஓர் எல்லையை முதல் நாளே சொல்லவேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் நோயாளியை அடித்தது, பாலியல் சீண்டல், பணம் எடுத்தது இவையெல்லாம் மேற்பார்வைக் கூட்டத்துக்குள் அடங்காது. அவை புகார், போகவேண்டிய இடத்துக்குப் போகும். "அடிக்கத் தோன்றியது" என்பது ஒன்று, "அடித்தேன்" என்பது வேறொன்று. இந்தக் கோட்டை மங்கலாக வைத்திருக்கிற இல்லத்தில் கூட்டம் நடப்பதைவிட நடக்காமலிருப்பது மேல். குற்றத்தை மூடிவைக்க அது ஒரு போர்வையாகிவிடும்.

பலன் இருக்கிறதா? இந்தக் கூட்டங்களின் பலனை மட்டும் தனியாக அளப்பது கடினம். ஆனால் ஊழியர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றினால் வார்டு மாறுமா என்று அளந்திருக்கிறார்கள். லண்டன் வட்டாரத்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் லென் பவர்ஸ் குழு செய்த ஆய்வு 2015இல் வெளியானது. மென்மையான சொற்கள், கெட்ட செய்தியைச் சொல்லும் விதம், ஊழியரும் நோயாளியும் தங்களைப் பற்றிச் சின்னச் சின்ன விஷயங்களைப் பகிர்ந்துகொள்வது என்று பத்து எளிய வழிகளைப் பழக்கினார்கள். சண்டை சச்சரவு 15% குறைந்தது. பிடித்து அடக்குவது, வலுக்கட்டாய ஊசி போன்றவை ஏறத்தாழ கால்பங்கு குறைந்தன. புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்தப் பகிர்வு. எனக்கு ரசம் பிடிக்கும், மழை பிடிக்காது என்கிற அளவிலானது. நாமக்கல்லில் அது தானாகவே நடக்கும் என்று நினைக்கிறோம். நடப்பதில்லை. "எந்த ஊருங்க?" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பவர், வார்டுக்குள் வந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

உங்கள் வீட்டில் ஒருவரை இப்படி ஓர் இல்லத்தில் சேர்க்கவேண்டியிருந்தால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று பார்த்துவிட்டு, இன்னும் சிலதைக் கேளுங்கள். ராத்திரி எத்தனை பேர் இருப்பீர்கள்? அதில் ஒருவர் வராவிட்டால் யார் வருவார்? போன மாதம் எத்தனை பேரைக் கட்டவேண்டி வந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு "எங்க கிட்ட அதெல்லாம் கிடையவே கிடையாதுங்க" என்று உடனே பதில் வந்தால் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நிர்வாகியிடம் பேசிய பிறகு ஆயாவிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். வேலை கஷ்டமா என்று கேளுங்கள். "கஷ்டந்தாங்க, ஆனா செவ்வாக்கெழமை உக்காந்து பேசுவோம்" என்றால் நம்பலாம். ஆயா நிர்வாகியின் முகத்தைப் பார்த்தால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இல்லம் நடத்துபவர்கள் இதைப் படித்தால், கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் ஒரு விஷயம். நைட் டூட்டி முடிகிற காலை நேரத்தில் வைப்பதுதான் வழக்கம், இரண்டு ஷிப்ட்டும் அப்போதுதான் சேர்ந்து கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் போடுங்கள். மகளிருக்கான இலவச டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு என்றால், ராத்திரி முழுக்கக் கண்விழித்த அந்த அக்கா வட்டத்தில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.